பின் சீட்டில் தொட்டிக்காரர்

"மலிவா ஒரு இன்சூரன்ஸ் இருந்தா சொல்லுங்க சார்" என்று கேட்டுக்கொண்டுதான் எல்லோரும் என் படியேறி வருகிறார்கள். நல்லதாக ஒன்று இருந்தால் சொல்லுங்கள் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. செருப்பு வாங்கப் போனால் காலில் போட்டு நாலு எட்டு நடந்து பார்ப்பவர்கள், இன்சூரன்ஸ் என்றால் விலையை மட்டும் பார்ப்பார்கள். அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. நான் விற்பது கண்ணுக்குத் தெரியாத சரக்கு. ஒன்றும் நடக்காவிட்டால் பணம் தண்டம் என்று திட்டுவார்கள், ஏதாவது நடந்துவிட்டால் நான் ஏமாற்றிவிட்டேன் என்று திட்டுவார்கள். இந்தத் தொழிலில் தலை நரைத்தும் இது எனக்குப் பழகவில்லை. சுள்ளென்று கோபம் வரும், அடக்கிக்கொள்வேன்.

மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே ஒற்றை அறைதான் என் அலுவலகம். ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், வருகிறவர்களுக்கு இரண்டு நாற்காலி. சுவரில் ஒரு குடும்பம் குடையைப் பிடித்துக்கொண்டு காரணமில்லாமல் சிரித்துக்கொண்டிருக்கும் கம்பெனி போஸ்டர். இரண்டு நாற்காலியில் ஒன்றை நான் பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருக்கிறேன். அது தொட்டிக்காரருக்காகப் போட்டது. அவர் உட்கார்ந்து எழுந்த இடம் எப்போதும் ஈரமாக இருக்கும்.

மீன் தொட்டி கழுவுவதுதான் அவருடைய வேலை. பல் டாக்டர் கிளினிக், ஓட்டல் வரவேற்பறை, வங்கி, வக்கீல் ஆபீஸ் என்று மனிதர்கள் பதற்றத்தோடு காத்திருக்கும் இடங்களில் எல்லாம் ஒரு கண்ணாடித் தொட்டி இருக்கும், கவனித்திருப்பீர்கள். அந்த மீன்களைப் பார்த்தால் மனசு அமைதியாகிறது என்கிறார்கள். அந்த அமைதிக்குப் பின்னால் முழங்கை வரை கையை நீரில் விட்டுக்கொண்டு ஒரு ஆள் நிற்க வேண்டியிருக்கிறது. கண்ணாடியில் படிந்த பாசியைச் சுரண்டுவார். குழாயை வாயில் வைத்து உறிஞ்சி, அடியில் கிடக்கும் கூழாங்கல்லுக்கு இடையிலிருந்து அழுக்கை வாளிக்கு இழுப்பார். மோட்டாரில் இருக்கும் பஞ்சைப் பிழிந்து திரும்பப் போடுவார். செத்த மீன் இருந்தால் யாரும் பார்ப்பதற்கு முன்னால் எடுத்துவிட்டு, அதே நிறத்தில், அதே அளவில் இன்னொன்றை விடுவார். பல் டாக்டரின் ஆரஞ்சு மீன் ஒன்றுக்கு நோயாளிகள் வைத்த செல்லப்பெயர் இன்றைக்கும் நிலைத்திருக்கிறது. மீன்தான் எத்தனையோ தடவை மாறிவிட்டது.

'மீன்காரர்' என்று கூப்பிட்டால் அவருக்குப் பிடிக்காது. ஆரம்பத்தில் அப்படித்தான் கூப்பிட்டார்கள். "கிலோ என்ன விலை?" என்று கேட்டு மானத்தை வாங்கினார்களாம். அதனால் தொட்டிக்காரர் ஆனார். விரல் நுனி எப்போதும் இப்போதுதான் குளித்துவிட்டு வந்தவரைப்போல் சுருங்கியிருக்கும். பேச்சு மெதுவாக வரும். யாரையும் அதிர்ந்து ஒரு வார்த்தை பேசிப் பார்த்ததில்லை. மீன்களை விரும்பாத மனிதரைக் கண்டால் மட்டும் முகம் லேசாகச் சுளிக்கும்.

இவ்வளவு சாதுவான மனிதருக்குத்தான் மோட்டார் சைக்கிள் இன்சூரன்ஸில் என் வாடிக்கையாளர்களிலேயே கேவலமான பெயர்.

மூன்று விபத்து. முதலில் ஒரு டாக்ஸியின் பின்பக்கத்தில் முட்டினார். பிறகு ரொட்டி ஏற்றிப் போகும் வேன். மூன்றாவது, சைக்கிளில் போன ஒரு தபால்காரர். அவர் விழுந்து முழங்கை பெயர்ந்து, கொஞ்ச நாள் கட்டுப் போட்டுக்கொண்டு திரிந்தார். மூன்றிலும் தொட்டிக்காரர் வேகமாகப் போகவில்லை. அவர் வேகமாகப் போனதை யாரும் பார்த்ததே இல்லை. நடந்து போகிறவர்கள் அவரை முந்திக்கொண்டு போவார்கள். மூன்றிலும் நடந்தது ஒன்றுதான். முன்னால் போனவர் சட்டென்று நின்றார், இவர் நிற்கவில்லை.

ஏன் நிற்கவில்லை என்று கம்பெனி விவரம் கேட்டது. இந்த இடத்தில் சாதாரண மனிதர்கள் எழுதுவதற்கென்றே சில பதில்கள் இருக்கின்றன. ரோடு ஈரம், கண்ணில் வெயில், நாய் குறுக்கே வந்தது. தொட்டிக்காரர் தன் கைப்பட எழுதிக் கொடுத்தார்: 'பெட்டியில் பையில் உயிர் மீன் இருந்தது. பிரேக்கை அழுத்தினால் மீன் அடிபடும் என்பதால் மெதுவாகப் பிடித்தேன்.' மூன்று தடவையும் ஏறக்குறைய இதையே எழுதினார்.

கம்பெனியிலிருந்து ஒரு பெண் என்னை போனில் கூப்பிட்டார்.

"சார், இவர் விளையாடுறாரா?"

"இல்லம்மா. அவர் அப்படித்தான்."

"அப்படித்தான்னா? அடுத்த தடவையும் பிரேக் போட மாட்டாரா?"

"மீன் இருந்தா, சந்தேகம்தான்" என்றேன். நானும் வாயைக் கொடுத்திருக்கக் கூடாது.

நான் இதைப் பற்றி அவரிடமே கேட்டேன். பொறுமையாக விளக்கினார். கடையிலிருந்து மீனைப் பையில் போட்டு, காற்று நிரப்பி, ரப்பர் பேண்ட் சுற்றி, பெட்டியில் வைத்து, அந்தப் பெட்டியைப் பெட்ரோல் டேங்க் மேல் முழங்காலுக்கு நடுவில் கட்டிக்கொண்டு போவார். வண்டி சடக்கென்று நின்றால் பைக்குள் நீர் ஒரு பக்கமாகப் போய் மோதும், கூடவே மீனும் மோதும்.

"செத்துடாது சார். ஆனா பயந்துடும். பயந்த மீனு ஓரமாப் போய் ஒண்டிக்கும், சாப்பிடாது, கலர் கறுத்துப் போயிடும். பார்க்கவே பாவமா இருக்கும்."

"தபால்காரர் முழங்கை பாவமா இல்லையா?"

"நாலு தடவை போய்ப் பார்த்துட்டு வந்தேன் சார்" என்றார், அது பதில் என்று நம்பி.

அந்த வருடம் அவருடைய பாலிசி முடியப் போகும்போது பழைய கம்பெனி வேண்டவே வேண்டாம் என்று கையை விரித்துவிட்டது. மற்ற கம்பெனிகளில் கேட்டேன். விபத்து விவரம் ஒரு கம்பெனியிலிருந்து இன்னொரு கம்பெனிக்கு நமக்கு முன்னாலேயே போய் உட்கார்ந்திருக்கும். எல்லோரும் யானை விலை சொன்னார்கள். ஒரு கம்பெனி சொன்ன தொகைக்கு அவர் ஓட்டிய பழைய வண்டியைப்போல் இன்னொரு வண்டியே வாங்கிவிடலாம். வேறு வழியில் போய்வரலாமே என்று நீங்கள் கேட்கலாம். வாளியும் தண்ணீருமாக ஏறினால் பஸ்ஸில் கண்டக்டர் இறக்கிவிடுவார். டாக்ஸி வைத்தால் தொட்டி கழுவிக் கிடைப்பது டாக்ஸிக்கே போய்விடும். இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டலாம் என்றால், பிடித்தால் வண்டியையே எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

"வண்டி நின்னா நானும் நின்னேன் சார்" என்றார் தொட்டிக்காரர். நாற்காலியின் பிளாஸ்டிக் உறை மேல் கையை வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தார். அன்றைக்கு அவர் மேல் எனக்குக் கோபமும் வந்தது, பரிதாபமும் வந்தது. கோபம் கொஞ்சம் கூடுதல்.

"வீட்டுல வேற யாருக்காவது லைசென்ஸ் இருக்கா?" என்று கேட்டேன்.

அவர் ஜன்னல் பக்கம் பார்த்துவிட்டு, "சம்சாரத்துக்கு இருக்கு" என்றார்.

மறுநாள் மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்தார். வீட்டில் ஜன்னல் திரை தைக்கும் அம்மா. கழுத்தில் அளவு டேப் தொங்கிக்கொண்டிருந்தது. கழற்ற மறந்துவிட்டு அப்படியே வந்திருந்தார். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு அச்சகத்தில் வேலை. அழைப்பிதழ், நோட்டீஸ் எல்லாம் மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஊர் முழுக்கக் கொண்டுபோய்க் கொடுத்தவர். ஒரு கீறல் கிடையாது, ஒரு அபராதம் கிடையாது. கல்யாணத்துக்குப் பிறகு வண்டியைத் தொடவே இல்லை. லைசென்ஸை மட்டும் தேதி தவறாமல் புதுப்பித்து வந்திருக்கிறார்.

"ஓட்டாத வண்டிக்கு எதுக்கும்மா லைசென்ஸ்?" என்று கேட்டேன்.

"கல்யாணமான மறுநாள் சாவியை இவர் வாங்கினார் சார். திருப்பிக் கேக்கணும்னு எனக்கும் தோணலை, குடுக்கணும்னு இவருக்கும் தோணலை. லைசென்ஸாவது என்கிட்ட இருக்கட்டுமேன்னுதான்."

தொட்டிக்காரர் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

அந்த அம்மா பெயரில், அவர் மட்டுமே ஓட்டுவதாகப் போட்டுப் பார்த்தேன். கம்ப்யூட்டர் காட்டிய தொகையை நான் இரண்டு தடவை பார்த்தேன். அவ்வளவு குறைவு. கணவர் பெயரையும் சேர்த்தால் மறுபடி யானை விலை. அவரை எடுத்தால் குறைவு. விஷயம் அவ்வளவுதான்.

"ரொம்ப நல்லதாப் போச்சு" என்றார் தொட்டிக்காரர். "பேர் இவ பேர்ல இருக்கட்டும். நான் பாட்டுக்கு ஓட்டிக்கிறேன்."

இப்படிச் சொல்கிறவர்களை வாரத்துக்கு ஒருவராவது பார்க்கிறேன். அப்பா பெயரில் எடுத்து மகன் ஓட்டுவான், அண்ணன் பெயரில் எடுத்து மச்சான் ஓட்டுவார். ஏதாவது ஆகும் வரை எல்லாம் சுகமாகத்தான் இருக்கும். "நீங்க ஓட்டினா இந்த பாலிசி செல்லாது. யார் மேலயாவது இடிச்சீங்கன்னா பத்துப் பைசா வராது. அப்புறம் என்கிட்ட வந்து நிக்காதீங்க" என்று கொஞ்சம் கடுப்பாகவே சொன்னேன்.

"இவர் ஏன் ஓட்டணும்? என் பேர்ல இருந்தா நான்தானே ஓட்டணும்" என்றார் அந்த அம்மா. "பையைப் பிடிச்சுக்கிட்டுப் பின்னாடி உக்காருங்க."

"உனக்குத் தையல் இருக்கேம்மா."

"மத்தியானத்துல தைச்சுக்கிறேன். நீங்க இன்னொரு தபால்காரரைத் தள்ளிவிட்டுட்டு வந்து, 'மீன் பயந்துடும்'னு என்கிட்ட சொல்லுவீங்க. அதைக் கேக்கறதுக்கு நானே ஓட்டிட்டுப் போயிடுவேன்." பிறகு என்னிடம் திரும்பினார். "மனுஷனை விட மீன் பெருசு சார் இவருக்கு. அன்னிக்கு அந்த தபால்காரர் கையைப் பிடிச்சுக்கிட்டு ரோட்டுல உக்காந்திருக்கார், இவர் பெட்டியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்திருக்கார். பார்த்தவங்க வந்து என்கிட்ட சொன்னாங்க. எனக்கு எப்படி இருந்திருக்கும்?"

தொட்டிக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பிரிண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாலிசி ஒருவழியாக வெளியே வந்தது.

இப்படித்தான் அவர் பின் சீட்டுக்குப் போனார்.

முதல் நாள் பின்னாலிருந்தே ஓட்டினாராம். "மெதுவா, மெதுவா, பள்ளம், பள்ளம், அந்தப் பக்கமா, இந்தப் பக்கமா" என்று. ஓட்டல் வருவதற்கு ரொம்ப தூரம் முன்னாலேயே அந்த அம்மா வண்டியை ஓரம் கட்டி நிறுத்தி, "வாயை மூடிட்டு வர்றீங்களா, இல்ல இறங்கி நடந்து வர்றீங்களா?" என்று கேட்டார். மூடிக்கொண்டு வந்தார். என் ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரியும்: முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்து அந்த அம்மா, பின்னால் வாளி, குழாய், மடியில் மீன் பெட்டி, அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இவர். கண்ணாடிக் கடைக்காரர் வாசலில் நின்று, "என்ன தொட்டிக்காரரே, ஸ்கூலுக்கா?" என்று கேட்பார். தொட்டிக்காரருடைய மாமியார் பார்க்க வந்தபோது, மாப்பிள்ளை பெட்டியோடு பின்னால் ஏறுவதைப் பார்த்துவிட்டு வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு உள்ளே போய்ச் சிரித்தாராம். இதை என்னிடம் சொன்னதும் தொட்டிக்காரர்தான். சொல்லும்போது கூட அவர் குரல் உயரவில்லை.

வீட்டில் வண்டியைத் துடைப்பது அவர்தான், காற்று பார்ப்பது அவர்தான், சங்கிலிக்கு எண்ணெய் விடுவது அவர்தான். சாவி மட்டும் அளவு டேப்போடு ஆணியில் தொங்கும். எப்போது என்னைப் பார்த்தாலும் ஒரே கேள்வி கேட்பார்.

"அடுத்த வருஷம் என் பேரையும் சேர்த்துடலாம்ல சார்?"

"பார்க்கலாம்."

"ஒரு வருஷம் சும்மா இருந்தா கணக்கு சரியாயிடும்ல?"

"பார்க்கலாம்னு சொன்னேன்ல?"

அவர் வேறு எதையும் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை. சட்டை இரண்டுதான் மாற்றி மாற்றிப் போடுவார். சாப்பாட்டில் குறை சொல்ல மாட்டார். அந்த ஹேண்டில்பாரைத் திரும்பப் பிடிக்க வேண்டும் என்பது மட்டும் அவருக்கு இருந்தது. வரவேற்பறையில் தொட்டி கழுவும்போது கூட, ஜன்னலுக்கு வெளியே நிற்கும் வண்டியை ஒரு பார்வை பார்த்துக்கொள்வார் என்று பல் டாக்டர் என்னிடம் சொன்னார். அவர் பல்லையும் நான்தான் இன்சூரன்ஸ் செய்திருக்கிறேன். அது வேறு கதை.

அந்த அம்மாவுக்கு முதலில் எரிச்சல்தான். காலை முழுக்க இவரோடு அலைந்துவிட்டு, மத்தியானத்தில் உட்கார்ந்து தைத்தால் திரை நேரத்துக்கு முடியவில்லை, தைக்கக் கொடுக்கும் துணிக்கடைக்காரர் முகத்தைக் காட்டினார். ஒருநாள் என்னிடம் வந்து, "மலிவுன்னு சொன்னீங்களே சார், யாருக்கு?" என்று கேட்டுவிட்டுப் போனார். அன்று பூராவும் எனக்கு வேலை ஓடவில்லை. ஆனால் போகப்போக நிலைமை மாறியது. இவர் தொட்டிக்குள் கையை விட்டுக்கொண்டு நிற்கும் நேரத்தில் அந்த அம்மா சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் ஜன்னல்களைப் பார்த்தார். மீன் தொட்டிக்கு அவ்வளவு செலவு செய்கிற இடங்களில் திரைகள் கந்தலாகத் தொங்கின. டேப்பை எடுத்தார், அளந்தார், வாய் கூசாமல் கேட்டார். வக்கீல் ஆபீஸில் முதல் ஆர்டர் கிடைத்தது, பிறகு வங்கி. வருடம் முடிவதற்குள் கடைக்காரருக்குத் தைப்பதை நிறுத்திவிட்டு நேரடியாகத் தைத்துக் கொடுக்க ஆரம்பித்திருந்தார். காலைச் சவாரி அந்த அம்மாவுக்குப் பிடித்துப்போனது என்றே சொல்வேன். திருப்பத்தில் வண்டியைச் சாய்க்கும் அழகைப் பார்த்தால் தெரியும்.

பாலிசி முடிவதற்குச் சில வாரம் இருக்கும்போது அந்த அம்மா தனியாகப் படியேறி வந்தார். முகம் ஒரு மாதிரி இருந்தது.

"சார், ஒரு விஷயம் நடந்துபோச்சு. கம்பெனிக்குச் சொல்லணுமா வேண்டாமான்னு நீங்கதான் சொல்லணும்."

உட்காரச் சொன்னேன். ஈர நாற்காலியை விட்டுவிட்டு மற்றதில் உட்கார்ந்தார்.

ஓட்டலில் பெரிய தொட்டிக்கு டிஸ்கஸ் மீன் ஒரு ஜோடி கேட்டிருந்தார்கள். தட்டைப்போல் வட்டமாக இருக்கும் மீன், விலையும் அதிகம், மனசும் மென்மையாம்; சத்தமாகக் கதவை மூடினால் கூட ஒரு வேளை சாப்பிடாது என்பார் தொட்டிக்காரர். அதை மடியில் வைத்துக்கொண்டு, பெட்டியில் கூட வைக்காமல் பையாகவே இரண்டு கையிலும் தாங்கிக்கொண்டு வந்திருக்கிறார். செருப்புக் கடைகள் வரிசையாக இருக்கும் தெரு. நின்றுகொண்டிருந்த இரண்டு வேனுக்கு நடுவிலிருந்து ஒரு கடைப் பெண், மூக்குக்கு மேல் வரை அட்டைப் பெட்டிகளை அடுக்கிப் பிடித்துக்கொண்டு ரோட்டில் இறங்கிவிட்டாள். அவளுக்கு எதிரே என்ன வருகிறது என்று தெரிய வழியே இல்லை.

"நான் ரெண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடிச்சேன் சார். வண்டி அந்தப் பொண்ணு பாவாடையைத் தொட்டுக்கிட்டு நின்னுச்சு. அவ பயத்துல அப்படியே பின்னாடி உக்காந்துட்டா. பெட்டியெல்லாம் சிதறிப் போச்சு. இவர் கையில இருந்த பை என் தோளுக்கு மேல பறந்து போய் ரோட்டுல விழுந்து உடைஞ்சுடுச்சு."

"அந்தப் பொண்ணுக்கு அடியா?"

"உள்ளங்கையில லேசாச் சிராய்ப்பு. கூடவே கடைக்குப் போய், மருந்து போட்டு, முதலாளிகிட்ட நானே சொல்லிட்டு வந்தேன். செருப்புக்கு ஒண்ணும் ஆகலை."

"அப்ப கம்பெனிக்கு ஒண்ணும் சொல்ல வேண்டியதில்லை" என்றேன்.

அந்த அம்மா எழுந்திருக்கவில்லை. டேப்பின் நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தார்.

"நான் அவரைத் தப்பா நினைச்சுட்டேன் சார்" என்றார். "வண்டி நின்னதும் பின்னாடி ஒரு சத்தம். 'ஐயோ! ஐயோ போச்சே!'ன்னு. இத்தனை வருஷத்துல அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. நான் ஸ்டாண்டைப் போட்டுட்டு நிமிர்றதுக்குள்ள இறங்கி ஓடி, அந்தப் பொண்ணு பக்கத்துல ரோட்டுலயே முட்டி போட்டு உக்காந்திருக்கார். கண்ணுல தண்ணி. துடிச்சுப் போயிட்டார் மனுஷன். மீன் ரெண்டும் போச்சு. ஓட்டல்காரங்க வேற ஆளைப் பார்த்துக்கறோம்னு சொல்லிட்டாங்க. அதைப் பத்தி இன்னிவரைக்கும் ஒரு வார்த்தை பேசலை அவர். மீன் பெருசுன்னு நான் எத்தனை தடவை குத்திக் காட்டியிருப்பேன்!"

எனக்கும் அதைக் கேட்க நன்றாக இருந்தது. மனிதர்கள் மாறுவதை என் தொழிலில் நம்ப மாட்டோம். மூன்று தடவை இடித்தவர் நாலாவது தடவையும் இடிப்பார் என்பதுதான் எங்கள் கணக்கு. அந்தக் கணக்கு பொய்த்தால் எனக்குச் சந்தோஷம்தான்.

"அடுத்த வருஷத்துக்கு அவர் பேரையும் போட்டுடுங்க சார். கொஞ்சம் கூட ஆனாலும் பரவாயில்லை, நான் தர்றேன். எனக்கு ஓட்டப் பிடிக்கலைன்னு இல்லை. ஆனா பாவம், வண்டியைத் தடவித் தடவிப் பார்க்கிறார். நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. நீங்களே கூப்பிட்டுக் குடுக்கிற மாதிரி குடுங்க."

நான் மெனக்கெட்டுத் தேடினேன். புதிதாக வந்திருந்த ஒரு கம்பெனி, போன ஒரு வருடத்தில் விபத்து உண்டா என்று மட்டும்தான் கேட்டது. ஓட்டாத மனிதருக்கு விபத்து எங்கிருந்து வரும்? அதை அவர்கள் கேட்கவில்லை. இரண்டு பெயரும் சேர்த்து, கையைக் கடிக்காத விலையில் கிடைத்தது. வாடிக்கையாளருக்கு நல்ல சேதி சொல்லும் வாய்ப்பு எனக்கு அபூர்வம். உடனே வரச் சொல்லிப் போன் செய்தேன்.

தொட்டிக்காரர் வந்து உறை போட்ட நாற்காலியில் உட்கார்ந்தார். கம்ப்யூட்டரை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன்.

"உங்க பேர். பார்த்தீங்களா? நாளையிலேருந்து நீங்களே ஓட்டலாம்."

அவர் திரையில் தன் பெயரைப் பார்த்தார். படித்த மாதிரியும் இருந்தது, படிக்காத மாதிரியும் இருந்தது.

"இல்ல சார். பழைய மாதிரியே இருக்கட்டும். அவ பேர் மட்டும் போடுங்க."

எனக்குச் சுள்ளென்று வந்துவிட்டது. "என்னய்யா விளையாடுறீங்களா? வருஷம் முழுக்க என் உயிரை எடுத்தீங்க, என் பேரை எப்ப போடுவீங்க எப்ப போடுவீங்கன்னு. இப்ப மலிவா கிடைச்சிருக்கு, வேண்டாம்கிறீங்க. கூட ஒரு பேர் இருந்தா என்ன, கடிக்குமா?"

"இருந்தா ஓட்டுவேன் சார்."

"ஓட்டுங்க. அதுக்குத்தானே?"

அவர் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"அவ உங்ககிட்ட வந்தாளா? செருப்புக்கடைத் தெரு விஷயம் சொன்னாளா?"

சொல்லக் கூடாது என்று அந்த அம்மா சொல்லியிருந்தார். ஆனால் என் முகம் சொல்லிவிட்டது.

"நான் கத்துனது மீனுக்கு சார்" என்றார்.

நான் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

"பை கையை விட்டுப் போனதும் கண்ணு அது பின்னாடியே போச்சு. பொண்ணு கீழே விழுந்து கிடக்கிறா, அது தெரியுது. தெரியாம இல்லை. தெரிஞ்சும் நான் மீன் பக்கம்தான் ஓடினேன். அது ரெண்டும் அவ காலடியில கிடந்து துடிச்சுக்கிட்டு இருந்துச்சு. முட்டி போட்டு ரெண்டு கையாலயும் அள்ளப் பார்த்தேன். அவ பக்கத்துல இருந்ததால, அவளுக்காகத்தான் உக்காந்தேன்னு எல்லாரும் நினைச்சுட்டாங்க. அவ வேற இடத்துல விழுந்திருந்தா நான் திரும்பியே பார்த்திருக்க மாட்டேன் சார். அதுதான் நிஜம்."

"வீட்டுல சொல்லிடுங்களேன்" என்றேன்.

"வாய் வரைக்கும் வருது. ஆனா அன்னிலேருந்து அவ என்கிட்ட பேசற விதமே மாறிப்போச்சு. முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறா. கல்யாணமான புதுசுல கூட அப்படிச் சிரிச்சதில்லை. அதை எப்படி சார் நான் திருப்பிக் குடுக்கிறது?" கையைப் பிளாஸ்டிக் உறை மேல் தேய்த்தார். "அன்னிக்கு முன் சீட்டுல நான் உக்காந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு உங்களுக்கும் தெரியும். அவ வண்டியை நிறுத்திட்டா. நான் நிறுத்தியிருக்க மாட்டேன். மெதுவாதான் பிடிச்சிருப்பேன்."

எனக்கு அவர் மேல் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. எத்தனையோ பேர் தங்களால் ஒரு தப்பும் நடக்கவில்லை என்று இந்த மேசையில் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறார்கள். நடக்காத தப்புக்காகத் தன் பெயரை எடுக்கச் சொன்ன மனிதரை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"அவங்க கேட்டா என்ன சொல்றது?"

"கம்பெனியில ஒத்துக்கலைன்னு சொல்லிடுங்க சார். உங்களுக்கு அது புதுசா?"

கம்பெனிகள் செய்கிற தப்புக்கெல்லாம் வாடிக்கையாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். ஒரு தப்பும் செய்யாத கம்பெனி மேல் பழியைப் போடச் சொல்லி வாடிக்கையாளரே கேட்டது இதுதான் முதல் தடவை. அவர் பெயரை எடுத்தேன். தொகை இன்னும் குறைந்தது. அந்த அம்மாவின் பெயர் மட்டும் இருந்த தாளைப் பிரிண்டர் நிதானமாகத் துப்பியது. இரண்டாக மடித்து உறையில் போட்டுக் கொடுத்தேன்.

அவர் வாங்கிக்கொண்டு கதவு வரை போனார். கைப்பிடியில் கை வைத்தபடி நின்றார்.

"அந்தப் பொண்ணு கீழே உக்காந்தபடியே என் தோளைத் தொட்டா சார். உள்ளங்கையில ரத்தம் கசிஞ்சுக்கிட்டு இருக்கு. 'எனக்கு ஒண்ணும் ஆகலைண்ணே, அழாதீங்க'ன்னு சொன்னா. நான் சரிம்மான்னு தலையை ஆட்டினேன்."